காது சார் திரும்பிப் போன இடங்கள்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இந்தப் பக்கம் எப்படியாவது அவர் கையில் கிடைத்து, "மூணாவது பத்தியில ஒரு சின்னத் தப்பு இருக்கும்மா" என்று சொல்ல நேரில் கிளம்பி வந்துவிடுவார். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்தில் அவருக்கு லீவு கொடுக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

அரியலூர் முகாமில் நாங்கள் அவரைக் காது சார் என்று கூப்பிட்டோம். அவருடைய காது பெரியதெல்லாம் இல்லை. முகாமில் அவர் வேலையே காதால் செய்கிற வேலை, அதனால்தான்.

சுதந்திரம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அணுவிலிருந்து கரண்டு எடுக்கவேண்டும் என்று டெல்லியில் முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு யுரேனியம் வேண்டும். நம் நாட்டில் அது எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆகவே ஊர் ஊராகப் போய்க் கல் பொறுக்கிப் பார்க்கச் சிறு சிறு முகாம்கள் போட்டார்கள். எங்கள் முகாம் அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், கடலை மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பழைய தகரக் கொட்டகை. உள்ளே இருந்தவை: ஓர் ஆபீசர், டிரைவரோடு ஒரு ஜீப், கல் இடிக்க இரும்பு உரல், நான்கு பித்தளைத் தட்டுகள், கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி ஒன்று, காது சார், நான். திருச்சியில் கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. முடித்த கையோடு வந்திருந்தேன். கல்லுக்கு எண் போட்டு, இடித்துப் பொடியாக்கி, தட்டில் பரப்பி, கருவிக்குக் கீழே வைத்து, வந்த எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு.

கருவியில் எண் காட்டும் பகுதி கப்பலில் வரும்போதே உடைந்துபோயிருந்தது. ஹெட்போனில் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அதுவும் சீராக வராது. திடீரென்று நாலைந்து சேர்ந்து வரும், பிறகு மௌனமாக இருக்கும். எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷத்துக்குள் குழம்பிப்போனார்கள், நான் உட்பட. ஆபீசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதராஜன்பேட்டை மாதா கோவிலில் பாட்டுக்குழுவை நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பின்வரிசையில் தாளம் தவறிய பையனைத் திரும்பிப் பார்க்காமல் விரலால் சுட்டினாராம். மறுவாரமே அவர் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு எங்களிடம் வந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, வலதுகை விரல்களைத் தொடையில் தட்டியபடி எண்ணுவார். ஒரே தட்டை மூன்று முறை எண்ணினால் மூன்று முறையும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எண்ணும் விரல்கள் இல்லை. திரும்பி வரும் செருப்புச் சத்தம்.

தான் சொன்னது தப்பு என்று தெரிந்துவிட்டால் அவரால் இருக்கமுடியாது. யாரிடம் சொன்னாரோ அந்த ஆளிடமே போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். கடிதம் கூடாது, ஆள் அனுப்பக்கூடாது. ஒரு தடவை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோவிலுக்கு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று ஸ்டேஷன் வாசலில் அவரிடம் வழி கேட்டது. "நடந்தா அரை மணி நேரந்தாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து ஹெட்போனைக் கழற்றினார். "கொழந்தைய வேற தூக்கிட்டுப் போறாங்க. அரை மணியில எங்க போறது? ஒரு மணி நேரம் ஆவும்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதி வழியில் அவர்களைப் பிடித்துச் சொன்னாராம். "பாதி வந்துட்டோம், இப்ப சொல்லி என்னங்க பிரயோஜனம்?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். "பிரயோஜனம் இல்லீங்க, தப்பு தப்புதானே" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கோவில் வரைக்கும் போயிருக்கிறார். அன்றைக்கு இரண்டு தட்டுகள் எண்ணாமல் நின்றன.

பாராட்டைக்கூடத் திரும்ப வாங்கிவிடுவார் என்பதுதான் இதில் கொஞ்சம் சங்கடம். அவர் ஊர்த் திருவிழாவுக்கு என்னை அழைத்திருந்தார். சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தோம். "கொழம்பு பிரமாதம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கியவர், தெருமுனை வரைக்கும் வந்து, திரும்பிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பிரமாதம்னு சொன்னேன்ல? நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புளி கொஞ்சம் தூக்கல்."

அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்கங்கம்மா. கோயில்ல சாமியார் முன்னாடி 'சம்மதம்'னு சொன்ன ஒண்ணத்தான் இந்த மனுசன் இன்னும் திரும்ப வாங்கல. அதுக்கும் எந்நாளு வருவாரோன்னு பயந்துகிட்டு இருக்கேன்."

என்னிடமும் அவர் ஒன்று சொல்லியிருந்தார். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், தகரக் கூரையின் சூட்டையும் உரலையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கெமிஸ்ட்ரி அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கொட்டாயில நீங்க ஒரு மாசம் தாங்கமாட்டீங்க" என்றார். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துவைத்தேன். முப்பது நாள் முடிந்தது. அறுபதும் முடிந்தது. ஊரில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறவர் இதை மட்டும் வாங்கவில்லை. நானாகக் கேட்பதாகவும் இல்லை.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. கருவிக்கு அருகே வரக்கூடாத பொருள்கள் என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதில் ஆபீசருடைய கைக்கடிகாரமும் இருந்தது. ரேடியம் பூசி இருட்டில் மின்னும் முள் கருவியைத் துடிக்கவைத்துவிடும். உள்ளே வரும்போதெல்லாம் அவர் அதைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே ஒரு டப்பாவில் போடவேண்டும். மொத்தம் பதினேழு பொருள்கள். அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐப்பசி பிறந்த சமயம். காரை ஓடையிலும் வேறு பல இடங்களிலும் பொறுக்கிய அறுபது கற்கள் வரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் நிமிஷத்துக்கு இருபத்தெட்டு, முப்பது. கல்லே இல்லாமல் வெறும் தட்டை வைத்தாலும் அவ்வளவுதான் வரும். அறுபத்தோராவது கல் கல்லங்குறிச்சியில் ஒரு கடலைக் காட்டிலிருந்து வந்தது. காது சார் எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தார்.

"அம்பத்திரண்டு."

ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மறுபடி எண்ணச் சொன்னார். ஐம்பது. மறுநாள் அதே காட்டிலிருந்து வேறு மூன்று கற்கள் கொண்டுவந்தோம். நான் இரண்டாம் நம்பர் தட்டை எடுத்தபோது ஆபீசர் தடுத்தார். "அது வேண்டாம். மூணாம் நம்பர்லயே வைங்க. ராசியான தட்டு." மூன்று கற்களும் ஐம்பதைத் தாண்டின.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பம்பாய்க்குத் தந்தி போயிற்று. அங்கிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் அந்த மண்ணைத் தொடக்கூடாது என்று காட்டைச் சுற்றி ஆபீசர் சிவப்புக் கொடி நட்டார். பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இந்தக் கல்லைக் கண்டுபிடித்த காது இதுதான் என்று ஆபீசர் காது சார் பெயரை எழுதி அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது: அழைத்து வரவும். நிரந்தர வேலை. மேற்கொண்டு பேச ஆபீசர் சென்னைக்கு ரயில் ஏறினார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

காது சார் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னார். நல்ல செய்தியைத் திரும்ப வாங்கவேண்டியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

திங்கட்கிழமை காலை எனக்கு வேலை குறைவு. பதிவேட்டில் கல் எண் வரிசையில் இருந்த எண்ணிக்கைகளைச் சும்மா தட்டு வரிசையில் மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்காம் தட்டுகளில் வந்தவை எல்லாம் முப்பதுக்குள் இருந்தன. அறுபத்தோராவது கல்லிலிருந்து மூன்றாம் தட்டில் வந்தவை எல்லாம் ஐம்பதும் அதற்கு மேலும். சரிபார்ப்பதற்காக நான் வைத்த கொள்ளிடத்து ஆற்றுமணல்கூட, சனிக்கிழமை மூன்றாம் தட்டில் ஐம்பத்தொன்று.

பட்டியலைக் காது சார் முன்னால் வைத்தேன். மூன்றாம் தட்டைக் காலியாகக் கருவிக்குக் கீழே வைத்து ஹெட்போனை மாட்டினார். ஒரு நிமிஷம் விரல்கள் தொடையில் தட்டின.

"காலித் தட்டு. அம்பது."

"இந்தத் தட்டு மட்டும் ஏன் சார் இவ்வளவு பளபளன்னு இருக்கு?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா தொலக்கினேன், கல்லங்குறிச்சிக் கல்லு வர்றதுக்கு மொத நாளு. கறுத்துப்போய்க் கெடந்துச்சு. ஒண்ணத் தொலக்கிப் பாத்தேன், மத்ததுக்கு நேரம் கெடைக்கல." சட்டைப்பையிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார். உள்ளே வெள்ளையாக, மாவு மாதிரி தூள். "எங்க கோயில்ல மெழுகுவத்தித் தண்டெல்லாம் இதுலதான் தொலக்குவோம். பெட்ரோமாக்ஸ் வெளக்குல மேண்டில் ஒடஞ்சா அந்தச் சாம்பலக் கொட்டமாட்டோம், சேத்து வைப்போம். பித்தளைக்கு இதுமாதிரி வராது."

நான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன். மேசைக்கு நேர் மேலே, தினமும் சாயங்காலம் நாங்கள் ஏற்றும் பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேண்டில், திரிக்குப் பதிலாக வெள்ளையாக ஒளிரும் அந்தச் சின்ன வலைப்பை, தோரியத்தால் ஆனது. தோரியம் கதிர் வீசும். இரண்டையும் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். என்னுடைய பதினேழு பொருள்களில் விளக்கு இல்லை.

டப்பாவைத் திறந்து கருவிக்குக் கீழே வைத்தார். ஹெட்போன் அவர் காதில் இருந்தபோதே எனக்குச் சத்தம் கேட்டது. சோளம் பொரிகிற மாதிரி. அவர் எண்ண முயற்சிகூடச் செய்யவில்லை. முதலில் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த கடிதத்தை வெளியே எடுக்காமல் மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். "சார், வெள்ளிக்கிழமை ஆபீசர் வரட்டும். வேறு தட்டில் எண்ணினோம், ஒத்துவரவில்லை என்று எழுதிவிடுகிறேன். பொய் இல்லை. எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பம்பாய்க்கு நீங்கள் போவதையும் அது பாதிக்காமல் இருக்கலாம்."

"பொய் இல்லதாம்மா." கதவு வழியாக வெளியே பார்த்தார். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "ஆனா கடல? முத்திப்போயிருக்கு. மழை விழுந்துச்சுன்னா மண்ணுக்குள்ளயே மொளச்சுப்புடும். வெள்ளிக்கெழம வரைக்கும் அது நமக்காகக் காத்துகிட்டு இருக்குமா?"

"கொடி ஆபீசர் நட்டது சார். பிடுங்க நமக்கு அதிகாரம் இல்லை."

"அவரு கைதான் நட்டுச்சு. அது நின்னுகிட்டு இருக்கறது என் எண்ணிக்கை மேல." சைக்கிள் சாவியை எடுத்தார். பிறகு நின்றார். "நீங்கதான் பட்டியல் போடுவீங்கல்ல? எழுதிக்கங்க. நான் யார் யார்கிட்ட சொன்னேன்னு சொல்றேன்."

எழுதினேன். ஆபீசர். கடலைக்காட்டுக்காரர். ஸ்டேஷன் மாஸ்டர். தபால்காரர். முடிவெட்டுகிறவர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். அவர் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். பங்குச் சாமியார். பாட்டுக்குழு, அது ஒரே ஆளாகக் கணக்கு. மாமனார். மனைவி. மொத்தம் பதினொன்று.

"வேற யாராவது?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல. இவ்வளவுதான்."

ஜீப் டிரைவர் எங்கள் இருவரையும் கல்லங்குறிச்சியில் இறக்கிவிட்டார். காட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். இரண்டு வாரமாக வேறு வேலை இல்லை அவருக்கு. அவருடைய மனைவி எங்களைக் கண்டதும் மடியில் இருந்த பச்சைக் கடலையைச் சேலைக்குள் மறைத்தார்.

"வாங்க வாத்தியாரே. பம்பாய்க்காரங்க வந்துட்டாங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உங்க மண்ணுல யுரேனியம் இருக்குன்னு சொன்னேன்ல? அது தப்பு. உங்க மண்ணுல ஒண்ணும் இல்ல. நான் தட்டு தொலக்குன பொடியிலதான் இருந்துச்சு."

அவருக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப கரண்டு?"

"வராதுங்க."

"ஊரே என் வூட்டக் 'கரண்டு வூடு'ன்னு கூப்புடுது. பேரன கரண்டு வூட்டுப் பையன்னு கூப்புடுறானுவ. நீங்க சொன்னத நீங்க வாங்கிக்குவீங்க. இத யாரு வாங்குவா?"

காது சார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

அந்த அம்மாள்தான் சேலைக்குள்ளிருந்த கடலையை வரப்பில் கொட்டிவிட்டுக் கேட்டார்: "அதுல்லாம் கெடக்கட்டும். இப்ப மண்ணத் தொடலாமா கூடாதா? அத மொதல்ல சொல்லுங்க. நான் எத்தன நாளு திருடியாட்டம் என் காட்டுலயே பிடுங்கறது?"

"தொடலாம்மா." முதல் கொடியை அவரே பிடுங்கினார்.

காட்டுக்காரர் அவர் கொடியைச் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, இதுனால உங்களுக்கு வேல போயிடுமா?"

"பம்பாய் வேல போயிடும்ங்க. அவ்வளவுதான்."

"எங்களுக்கு ஒண்ணும் இல்லாட்டியும் கடல இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

"ஆர்மோனியம் இருக்குங்க" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பொழுது சாயும்வரை நாங்களும் அவர்களோடு செடி பிடுங்கினோம். என் நகத்துக்குள் போன செம்மண் போக நான்கு நாள் ஆயிற்று. மழை புதன்கிழமை வந்தது. அதற்குள் கடைசிச் செடியும் களத்துக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்து, கொடிகள் மூலையில் கட்டாகக் கிடப்பதைப் பார்த்தார். காது சார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ராசியான தட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பதிவேட்டில் நான் அதை எழுதியிருந்தேன். ஆபீசர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"தந்தி போயிடுச்சேய்யா. தந்தியை எப்படித் திரும்ப வாங்கறது?"

"இன்னொரு தந்தி அடிக்கலாம் சார்."

"உன் வேலை போயிடும்."

"தெரியும் சார்."

ஆபீசர் நெடுநேரம் மேலே தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி வெளியே டப்பாவில் போட்டுவிட்டு வந்து, தந்திப் படிவத்தை எடுத்தார்.

நாட்டுக்கே யுரேனியம் தேடிக் கிளம்பிய எங்கள் முகாம் கடைசிவரை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து எல்லா முகாம்களுக்கும் பம்பாயிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் ஆறாவது வரி: எண்ணும் அறையில் மேண்டில் விளக்கு வைக்கக்கூடாது, மேண்டில் சாம்பலை எதற்கும் பயன்படுத்தக்கூடாது. அணுசக்திக்கு அரியலூர் கொடுத்தது அந்த ஒரு வரி. காது சார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். இதைத் திரும்ப வாங்கவில்லை.

என் பட்டியலில் பதினொரு பேருக்கும் நேராக அவர் கையால் பென்சில் குறி போட்டார். முடிவெட்டுகிறவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே கத்தி பிடித்ததால் காதுக்குப் பின்னால் சின்னக் காயம். ஹெட்மாஸ்டர்தான் கடினம், காது சாருடைய இடத்துக்கு வேறு வாத்தியார் வந்துவிட்டிருந்தார். அடுத்த ஜூன் வரைக்கும் பாட்டுக்குழு மட்டும்தான் என்று ஆயிற்று. மனைவிக்கு எதிரே போட்ட குறி மற்றவற்றைவிட அழுத்தமாக இருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "'சரி, கை கழுவிட்டு வந்து சாப்பிடுங்க'ன்னா" என்றார்.

முகாமை மூடினார்கள். தட்டு வரிசையில் எழுதிப் பார்த்தது யார் என்று பம்பாயில் கேட்டிருக்கிறார்கள். ஆபீசர் என் பெயரைக் கொடுத்தார். காது சார் இழந்த இடத்துக்கு நான் போவது எனக்குச் சுலபமாக இல்லை. அவர்தான் ரயில்வே நேர அட்டவணையைப் பார்த்து, எங்கெங்கே வண்டி மாறவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து அதில் ஒரு வண்டியை மாற்றினார்.

பம்பாய்க்கு வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'நீங்கள் ஒரு மாதம் தாங்கமாட்டீர்கள் என்று முதல் நாள் சொன்னேன். அன்று பட்டியல் போட்டபோதே உங்கள் பெயரையும் சொல்லியிருக்கவேண்டும். வெட்கமாக இருந்தது. சொன்னது தப்பு. நேரில் வரமுடியவில்லை, மன்னிக்கவும்.'

நான் பதில் எழுதினேன்: 'கார்டில் எழுதியதை ஏற்பதற்கில்லை. நேரில் வந்து சொல்வதுதான் உங்கள் வழக்கம்.'

அடுத்த கோடை விடுமுறையில் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, கூட்டத்துக்கு நடுவில் நின்று, "மொத நாளு நான் சொன்னது தப்பும்மா" என்றார். "சரி சார்" என்றேன். அப்புறம்தான் கூலிக்காரர் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்.

அனுமதி வாங்கி அவரை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். இங்கே கருவி தானே எண்ணும். முகப்பில் சிறு விளக்குகள் மினுங்கி எண் காட்டும். சத்தமும் கேட்கும். ஒரு சாம்பிளை வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் தொடையில் தட்டின. ஒரு நிமிஷம் முடிந்தது.

"நூத்திப் பதினேழு."

கருவியில் நூற்றுப் பதினாறு இருந்தது.

"மெஷினு ஒண்ண விட்டுடுச்சு" என்றார். எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே விடைபெற்றுக்கொண்டு வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டினார். ரோட்டைக் கடந்தார். பஸ் ஒன்று வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தார்.

காலை எடுத்துவிட்டார்.

நான் கருவியிடம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கெமிஸ்ட்ரி அம்மா," என்றார், மூச்சு வாங்க. "மெஷினு விடல. நான்தான் ஒண்ணு கூட எண்ணிட்டேன்."